நல்லெண்ணெயில் நனைந்த பிறேக்: கொழும்பில் ஏழு நாள்

முதலாம் நாள், வெள்ளி

யாழ்ப்பாணத்து இரவு பஸ் விடிய ஐந்து மணிக்கு என்னையும் சைக்கிள் பையையும் வெள்ளவத்தையில் இறக்கிவிட்டுப் போனது. காலி வீதியில் சைவக் கடைகள் அப்போதுதான் திறந்துகொண்டிருந்தன. பையைத் தோளில் போட்டதும் ஒரு வாசம். எங்கேயோ தோசை சுடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு மாமி வீட்டு ஒழுங்கைக்குள் திரும்பினேன். வாசமும் கூடவே திரும்பியது.

கொக்குவிலில் இருப்பவனுக்கு மவுண்டன் பைக் எதற்கு என்று கேட்காத ஆள் இல்லை. எங்கள் பக்கத்தில் மலை என்று பெயர் வைத்திருப்பது கீரிமலை ஒன்றுதான், அதுவும் கடற்கரை. ஆனால் வருகிற வெள்ளிக்கிழமை மச்சானும் நானும் நுவரெலியா போய், தேயிலைத் தோட்டப் பாதைகளும் றோட்டுமாகக் கம்பளை வரை இறங்குவதாகத் திட்டம். அதற்கு முன் ஒரு கிழமை கொழும்பில் அலுவல். சைக்கிளையும் சரிபார்த்துக்கொள்ளலாம் என்றுதான் முன்னதாகவே கொண்டுவந்தேன்.

வாகனத் தரிப்பிடத்தில் பையைத் திறந்து, அரை இருட்டில் சில்லுகளைப் பூட்டி, ஏறி நாலு மிதி மிதித்தேன். இரண்டு லீவரையும் பிடித்தேன். சைக்கிள் பாட்டுக்குப் போனது. கேற்றில் முட்டித்தான் நின்றது.

மேலே மூன்றாம் மாடியிலிருந்து மாமா எட்டிப் பார்த்தார். “உதென்னடா, பிறேக் கட்டை தேஞ்சு போச்சோ?”

தேயவில்லை. அம்மா மாமிக்கென்று கட்டித் தந்த ஒடியல் மாவும் ஒரு போத்தல் நல்லெண்ணெயும் பையின் அடியில் இருந்தன. போத்தல் வாயில் பொலித்தீன் வைத்து இறப்பர் வளையம் போட்டிருந்தார். வவுனியா தாண்டி எங்கேயோ அது கழன்றிருக்க வேண்டும். பாதி எண்ணெய் மாவுக்குள், மீதி, சில்லோடு சுற்றும் இரும்புத் தட்டுகளான இரண்டு டிஸ்க்கிலும், பின் டிஸ்க்கைக் கவ்வும் கலிப்பருக்குள்ளும். நான் வேறு பார்க்காமல் பிறேக்கைப் பிடித்து, டிஸ்க்கை உரசும் பிறேக் கட்டைகளான பேட்டுகளில் முன்பக்கத்தவற்றுக்கும் ஒழுங்காகப் பூசிவிட்டேன்.

என் பேட்டுகள் றெசின் வகை. நாரும் தூளும் பசையில் குழைத்து அழுத்திச் செய்தவை. நுண்ணிய துளைகள் உள்ள பொருள், எண்ணெயைக் கண்டால் உறிஞ்சிவிடும். மேலாகத் துடைத்தால் போகாது. அரத்தாளில் தேய்த்தேன், கறுப்பாகத் தூள் வந்தது, ஓடிப் பார்த்தேன், திரும்ப அதே கதை. மச்சான் எழும்பி வந்து, “அடுப்பில சுட்டா எண்ணெய் எரிஞ்சிடும்” என்றான். மாமி கோயிலுக்குப் போயிருந்த நேரம். பழைய தோசைக் கல்லில் நாலு பேட்டையும் வரிசையாக வைத்துச் சுட்டோம். வீடு முழுக்கக் கார்த்திகை விளக்கீட்டு வாசம். ஆறியபின் பூட்டினால் முதல் இரண்டு பிடி நன்றாக இருந்தது, மூன்றாவது பிடியில் உள்ளேயிருந்த எண்ணெய் சூட்டுக்கு மேலே வந்துவிட்டது. இதை யாரும் செய்ய வேண்டாம். சூடு கூடினால் பசை கருகிப் பேட் இரும்புத் தகட்டிலிருந்து கழன்றுவிடும், புகையும் நல்லதல்ல. மெற்றல் பேட்டாக இருந்திருந்தால் எரிவதற்குப் பசை இல்லை, ஒருவேளை தப்பியிருக்கும்.

மாமி வந்ததும் கேட்ட முதல் கேள்வி: “ஆர் தோசை சுட்டது?”

இரண்டாம் நாள், சனி

வாகன உதிரிப்பாகம் என்றால் பஞ்சிகாவத்தை, சைக்கிள் என்றால் டாம் வீதி. புறக்கோட்டையிலிருந்து புதுக்கடை நீதிமன்றப் பக்கம் ஏறும்போது இரு பக்கமும் சைக்கிள்கள் கூரையிலிருந்து மீன் மாதிரித் தொங்கும். 2022இல் பெற்றோல் இல்லாமல் நாடே வரிசையில் நின்ற நாட்களில், வாழ்நாளில் மிதிக்காதவர்களெல்லாம் சைக்கிள் தேடிக் கடை ஏறினார்கள். அப்போது விற்றவை இப்போது திருத்த வருகின்றன என்று மச்சான் சொன்னான்.

பழைய பேட் ஒன்றைக் கையில் கொண்டு போனேன். இது முக்கியம். சைக்கிளின் பெயரைச் சொன்னால் பேட் கிடைக்காது. கலிப்பருக்குக் கலிப்பர் தகட்டின் வடிவம் வேறு, ஒரு மில்லிமீற்றர் பிசகினாலும் உள்ளே இறங்காது. முதல் இரண்டு கடையில் வடிவம் சரியில்லை. மூன்றாவது கடையில் ஒரு நானா, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பேட்டை வாங்கி மணந்து பார்த்தார்.

“என்ன தம்பி, தாளிச்சீங்களா?”

கதையைச் சொன்னேன். சிரித்து முடித்து இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்றில் மங்கிய சாம்பல் நிறப் பேட், றெசின். மற்றதில் செம்புத் தூள் மினுங்கும் பேட், மெற்றல். உலோகத் தூளை அச்சில் அழுத்தி, உருகாத அளவுக்குச் சூடேற்றி ஒன்றோடொன்று ஒட்டவைப்பது. சின்டர்ட் என்று பெட்டியில் போட்டிருப்பதும் இதைத்தான். இரண்டுக்கும் நடுவே, பசையில் உலோகத் தூள் கூடுதலாகக் கலந்த செமி மெற்றல் என்று ஒன்று உண்டு. அவரிடம் என் வடிவத்தில் அது இல்லை.

எனக்கு முடிவு ஏற்கெனவே எடுத்தாயிற்று. மலை, மழை, நீண்ட இறக்கம்: மெற்றல்தான். மெற்றல் சூட்டைத் தாங்கும், சேற்றில் மெதுவாகத் தேயும், ஈரத்தில் கைவிடாது. கத்தும், சூடேறும்வரை கொஞ்சம் மந்தமாகப் பிடிக்கும், சூட்டைக் கலிப்பருக்கும் அதற்குள் இருக்கும் பிறேக் எண்ணெய்க்கும் கடத்தும். பரவாயில்லை. இரண்டு சோடி எடுத்து வைக்கச் சொன்னேன்.

நானா எடுத்துவைக்கவில்லை. “தட்டுல என்ன எழுதியிருக்கு?”

எழுத்தா? மூன்று வருடமாக ஓட்டுகிறேன், பார்த்ததில்லை. சைக்கிளை மாமி வீட்டில் விட்டிருந்தேன். மாமாவுக்கு அழைத்து, கீழே இறங்கிப் பின் டிஸ்க்கை வாசிக்கச் சொன்னேன். லிஃப்ட் வேலை செய்யாத நாள். ஐந்து நிமிடம் கழித்து மூச்சு வாங்கிக்கொண்டு, ஆங்கிலத்தில் எழுத்துக் கூட்டிச் சொன்னார்: றெசின் பேட் மட்டும்.

“அப்ப மெற்றல் ஒங்கட தட்டுக்கு சரி வராது தம்பி. தட்டத் தின்டுரும்.”

விலை குறைந்த டிஸ்க்குகளில் இரும்பு மெதுமையானது. கடின உலோகப் பேட் அதில் உரசினால் பேட்டுக்கு முன்னர் டிஸ்க் தேய்ந்துவிடும். புது டிஸ்க் பெரும்பாலும் 1.8 மில்லிமீற்றர் தடிப்பு, 1.5 ஆனால் மாற்றச் சொல்கிறது சைக்கிள் பாகங்கள் செய்யும் ஷிமானோ நிறுவனம். இடையில் இருப்பது 0.3 மில்லிமீற்றர், அவ்வளவுதான் எல்லாக் கணக்கும். இணையத்தில் எந்தப் பேட் சிறந்தது என்று நான் பல இரவு வாசித்திருக்கிறேன். என் சில்லிலேயே பொறித்திருந்த மூன்று சொல்லை வாசிக்கவில்லை.

முன்னுக்கும் பின்னுக்கும் றெசின் வாங்கிக்கொண்டு வந்தேன். விலை எழுதவில்லை, நீங்கள் போகும்போது வேறாக இருக்கும்.

டிஸ்க்கைத் துடைக்க மச்சான் வீட்டு மருந்துப் பெட்டியிலிருந்து சேர்ஜிக்கல் ஸ்பிரிட் எடுத்து வந்தான். நல்ல வேளை போத்தலைப் பார்த்தேன். பிரித்தானிய முறைச் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் தோலுக்கு இதமாக ஆமணக்கெண்ணெய் சேர்ப்பதுண்டு. நல்லெண்ணெயைத் துடைக்க ஆமணக்கெண்ணெய்! ஐசோப்ரோபைல் அல்கஹோல் வாங்கி, துணி கறுக்காமல் வரும்வரை துடைத்தோம்.

மூன்றாம் நாள், ஞாயிறு

விடிய ஐந்தரைக்கு மரைன் டிரைவ். ஒரு பக்கம் ரயில் பாதை, அதற்கப்பால் கடல். நடைக்காரர்களைத் தவிர ஆளில்லை.

புதுப் பேட் பூட்டியவுடன் பிடிக்காது. பேட்டின் பொருள் மெல்லிய படலமாக டிஸ்க்கில் படிய வேண்டும். அந்தப் படலத்தில் பேட் உரசும்போதுதான் பிடி வரும். வேகமாகப் போய், நடை வேகத்துக்கு வரும்வரை ஒரே சீராகப் பிடித்து, முழுதாக நிற்காமல் விட்டுவிட வேண்டும். திரும்ப வேகம், திரும்பப் பிடி. இருபது தடவையாவது. நடுவில் சில்லு இறுகி நின்றால் படலம் அந்த இடத்தில் மட்டும் தடிப்பாக ஒட்டிக்கொள்ளும், பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் அதே இடத்தில் கை துடிக்கும்.

பன்னிரண்டாவது தடவையில் நடந்துவந்த ஓர் ஐயா நின்று, “தம்பி, பிறேக் பிடிக்கேல்லையோ?” என்றார். பிடிக்கத்தான் பழக்குகிறேன் என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

பதினைந்துக்குப் பிறகு பிடி வந்தது. ஒரு விரலால் தொட்டால் போதும், சத்தமில்லை. றெசினின் இந்தக் குணத்தை யாரும் குறைத்துப் பேசக்கூடாது. குளிர்ந்திருக்கும்போதே கடிக்கும், விரலுக்குச் சொல் கேட்கும்.

ஆனால் இதை வைத்து மலைக்குத் தயார் என்று சொல்ல முடியுமா? கொழும்பில் எங்கே மலை? தெஹிவளை மேம்பாலத்தில் ஏறி இறங்கினோம். மச்சான் சிரித்தான். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். நானும் சைக்கிளும் பையுமாக 90 கிலோ. மணிக்கு 25 கிலோமீற்றரில் வந்து சிவப்பு விளக்குக்கு ஒரு தடவை நின்றால் பிறேக் வாங்கும் சக்தி ஏறத்தாழ 2 கிலோ ஜூல். நுவரெலியா 1868 மீற்றர் உயரம். கம்பளைக்கு வரும்போது 1300 மீற்றருக்கு மேல் இறங்கியிருப்போம். அந்த இறக்கத்தில் கழிக்க வேண்டிய சக்தி 1100 கிலோ ஜூலுக்கு மேல், அதாவது ஐந்நூறு சிவப்பு விளக்கு. நாலு லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கக் காணும். காற்றும் ரயரும் அதில் நல்ல பங்கை எடுத்துக்கொள்ளும், சரி. மீதியைத் தாங்குவது நூற்றுச் சொச்சம் கிராம் எடையுள்ள இரண்டு டிஸ்க்.

காலி வீதியில் எந்தப் பேட்டும் நல்ல பேட்தான்.

மாமா கணக்கை வாங்கிப் பார்த்தார். “நாங்கள் றலி சைக்கிளில கம்பி பிறேக்கோட, பின்னால ரெண்டு மூட்டை வெங்காயத்தையும் வச்சுக்கொண்டு ஓடின ஆக்கள். காலை ஊண்டினா நிக்கும்.” ஊரில் அது நிற்கும், மாமா. இறங்குவதற்கு ஊரில் என்ன இருந்தது?

நாலாம் நாள், திங்கள்

அலுவலக வேலை. பின்னேரம் ஒக்டோபர் மாதத்து இடி மழை, வெள்ளவத்தைச் சந்தியில் முழங்காலுக்குத் தண்ணீர். சைக்கிளைத் தொடவில்லை. அம்மா தொலைபேசியில், “எண்ணெய் குடுத்தனியோ?” என்றார். குடுத்தேன் என்றேன். யாருக்கு என்று சொல்லவில்லை.

ஐந்தாம் நாள், செவ்வாய்

மச்சான் லீவு போட்டான். சைக்கிள்களை வானில் ஏற்றிக்கொண்டு பாதுக்கைப் பக்கம் போனோம். ஒரு மணி நேரத்தில் நகரம் கழன்று, இறப்பர் மரங்களும் சின்னச் சின்னக் குன்றுகளும் வந்துவிடும். தோட்டத்துக் காவலாளியிடம் மச்சான் சிங்களத்தில் கேட்டு அனுமதி வாங்கினான். பால் சேகரிக்கும் வாளிகளில் முட்டக்கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு விட்டார்.

காலை முழுக்க வெயில். ஒரு குன்றில் ஏறி, மரங்களுக்கிடையில் இறங்குவது, திரும்ப ஏறுவது. என் றெசின் பேட்டுகள் பவ்வியமாக வேலை செய்தன. மச்சான் சைக்கிளில் மெற்றல். முதல் இறக்கத்தில் ஒவ்வொரு தடவையும் “பிடிக்குதில்லை, பிடிக்குதில்லை” என்று கத்திக்கொண்டு போவான், பாதியில் சூடேறியதும் அவன் குரல் அடங்கிப் பிறேக் கத்தத் தொடங்கும். லயத்து நாய்கள் எங்களை எங்கேயிருந்தாலும் கண்டுபிடித்தன.

ஒன்றரைக்கு மழை. இந்தப் பக்கத்து நிலம் செம்பூரான் கல், கபுக் என்பார்கள். வெட்டிச் சுவர் கட்டுகிற அதே கல், மழை பட்டால் பாதை முழுக்கச் சிவப்புக் குழம்பு. குழம்புக்குள் மணல். முன் ரயர் அதை அள்ளி நேரே பின் கலிப்பருக்கு அடிக்கிறது. மழை தொடங்கிப் பத்து நிமிடத்தில் என் பின் பிறேக் அரத்தாள் உரசுவது போல ஒரு சத்தம் போட்டது. பிடித்தேன், ஒரு கணம் ஒன்றுமில்லை. தண்ணீரை வழித்த பிறகுதான் பிடி. அந்த ஒரு கணத்தில் வளைவு வந்துவிட்டது. பால் வாளியில் முட்டவில்லை, பால் வாளிக்குப் பக்கத்துக் கானுக்குள் இறங்கினேன். முழங்கை உரசல், வேறொன்றுமில்லை.

முன் பிறேக்கும் ஈரத்தில் தயங்கியது, ஆனால் ஏமாற்றவில்லை. பெரிய டிஸ்க், சேறும் குறைவாகவே படும். பின்பக்கம்தான் பிரச்சினை. பயத்தில் நான் பின் பிறேக்கை விடாமல் இழுத்துக்கொண்டே வருகிறேன் என்று மச்சான் பின்னாலிருந்து பார்த்துச் சொன்னான். இழுத்துக்கொண்டு வந்தால் டிஸ்க் ஆற நேரமில்லை. இறுகப் பிடித்து, விட்டு, உருள விட்டு, திரும்பப் பிடிக்க வேண்டும். தெரிந்த விஷயம்தான், ஆனால் கைக்குத் தெரியவில்லை.

மாலையில் பேட்டுகளைக் கழற்றி மாமியின் தையல் அளவுகோலில் வைத்துப் பார்த்தோம். முன்பக்கம் கிட்டத்தட்டப் புதுசு. பின்பக்கம், ஞாயிற்றுக்கிழமை பூட்டியது, பாதிக்கு மேல் போய்விட்டது. பேட் பொருள் அரை மில்லிமீற்றருக்கு வந்தால் மாற்ற வேண்டும். இன்னும் ஒரு மழைநாள் தாங்காது. இருந்த மீதியிலும் மேற்பரப்பு கண்ணாடி மாதிரிப் பளபளத்தது. சூட்டில் பசை உருகி இறுகினால் அப்படி ஆகும், பிறகு வழுக்கும்.

மழை பெய்யாவிட்டால் கொழும்புக்கு றெசினே திறம் என்று எழுதிவிட்டுத் திரும்பியிருப்பேன்.

ஆறாம் நாள், புதன்

திரும்ப டாம் வீதி. நானா என் முழங்கையைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் பிளேன்ரீ சொல்லி அனுப்பினார்.

இந்தத் தடவை டிஸ்க்கிலிருந்து தொடங்கினேன். பின்னுக்கு மெற்றல் பேட்டைத் தாங்கும் டிஸ்க், அதே 160 மில்லிமீற்றர், ஆறு ஆணியில் பூட்டுவது. அதற்கு மெற்றல் பேட். முன்னுக்குப் பழைய 180 மில்லிமீற்றர் டிஸ்க்கும் றெசினும் அப்படியே.

இதில் மச்சானோடு கடையிலேயே வாக்குவாதம். நிறுத்துகிற பலத்தில் பெரும்பங்கு முன் பிறேக்குத்தான், ஆகவே நல்ல பேட் முன்னுக்குத்தான் வேண்டும் என்பது அவன் கட்சி. தவறென்று சொல்ல மாட்டேன். கனமான ஆட்கள், வேகமாக இறங்குபவர்கள் இரண்டு பக்கமும் மெற்றல் போடுவது நியாயம், அவன் போட்டிருக்கிறான். எனக்கு முன்னுக்கு வேண்டியது பலமல்ல, நிதானம். வழுக்கும் கல்லில் முன் சில்லு இறுகினால் நேரே விழுவேன், பின் சில்லு இறுகினால் ஆடிக்கொண்டாவது நிற்பேன். விரலுக்குச் சொல் கேட்கும் றெசின் முன்னால் இருக்கட்டும். சேறு தின்பதும், சின்ன டிஸ்க்கில் சூடேறுவதும், என் பயத்தைச் சுமப்பதும் பின்பக்கம். அதற்குத்தான் மெற்றல் தேவை.

“ரெண்டு பேரும் ஒரே கடையிலதானே வாங்குறீங்க, எனக்கு ஒன்னுதான்” என்றார் நானா. காசை எண்ணும்போது, உபரியாக முன்னுக்கு ஒரு சோடி றெசினும் எடுத்து வைத்தார். “அங்க மழ பெஞ்சா முன்னுக்கும் தேயும். நுவரெலியால ராத்திரி எட்டு மணிக்கு ஒங்களுக்கு யாரு கட திறப்பாங்க?” வியாபாரம்தான், ஆனால் உண்மை.

பின்னேரம் மரைன் டிரைவில் பின் பிறேக்குக்குத் திரும்ப இருபது தடவை. பழைய டிஸ்க்கில் பேட் வகை மாற்றினால் முந்திய படலத்தை உரசித் துடைக்க வேண்டும். புது டிஸ்க் என்பதால் அந்த வேலை மிச்சம். முதல் பத்துப் பிடியும் வெறும் மரக்கட்டை. அப்புறம் வந்தது. கத்துகிறது, தாராளமாகவே. ஞாயிற்றுக்கிழமை கண்ட அதே ஐயா இன்றும் எதிரே வந்தார். இந்தத் தடவை ஒன்றும் கேட்கவில்லை, ஒதுங்கி நின்றார்.

ஏழாம் நாள், வியாழன்

கட்டுகிற நாள். இரண்டு சில்லையும் கழற்றி, டிஸ்க்குகளை ஆணி கழற்றித் தனியே எடுத்து, துணியில் சுற்றி, முதுகுப் பையில் வைத்தேன். கலிப்பருக்குள் அட்டைத் துண்டு. இல்லாவிட்டால் யாராவது லீவரைத் தொட்டாலே பேட்டைத் தள்ளும் பிஸ்டன்கள் வெளியே வந்து ஒட்டிக்கொள்ளும். உபரிப் பேட் பெட்டியோடு சின்ன உறையில்.

காலையில் வெள்ளவத்தைச் சந்தையடியில் ஒரு போத்தல் நல்லெண்ணெய் வாங்கி மாமியிடம் கொடுத்தேன். மூடியைத் திறந்து மணந்து பார்த்தார். “இது உங்கட ஊர் எண்ணெய் இல்லையே” என்றார். எல்லாவற்றையும் சொன்னேன், தோசைக் கல் உட்பட. தோசைக் கல்லைப் பற்றித்தான் கோபம்.

கோபம் ஆறியபின், வழிக்கென்று சீனிச் சம்பல் ஒரு போத்தலில் போட்டுத் தந்தார், எண்ணெய் மிதக்க மிதக்க. அது மச்சானின் பையில் வருகிறது. விடிய ஐந்தரைக்கு வான்.